எம்.சி. ராஜாவும் பறிபோன இரண்டாவது வாக்கும்

2024 மக்களவைத் தேர்தல் முடிவுகள் வெளியான அன்று நாடு முழுவதும் பேசப்பட்ட தொகுதி பைசாபாத். அயோத்தி அதற்குள் அடங்கும். அது தனித்தொகுதி அன்று, பொதுத்தொகுதி. அங்கே பாசி சமூகத்தைச் சேர்ந்த அவதேஷ் பிரசாத் சமாஜ்வாதி கட்சியின் வேட்பாளராக நின்று வென்றார். 2019இல் 303 இடங்களைப் பெற்றிருந்த பாரதிய ஜனதா கட்சி 240க்கு இறங்கித் தனிப்பெரும்பான்மையை இழந்தது. அரசியலமைப்புச் சட்டம் மாற்றப்பட்டுவிடும் என்ற அச்சம் உத்தரப் பிரதேசத்துத் தலித் வாக்காளர்களில் ஒரு பகுதியினரை அணி மாறச் செய்தது. முஸ்லிம் வாக்குகள் ஒரே பக்கம் திரண்டன. அந்த இறக்கத்தின் முக்கியக் காரணங்களில் இவ்விரண்டும் அடங்கும் என்பதே நம் கணிப்பு. சிறுபான்மையோரின் வாக்கு தில்லி ஆட்சியை அசைக்க வல்லது என்பதற்கு அண்மைச் சான்று இது.

அதே நாளில் சங்கரன்கோவிலை உள்ளடக்கிய தென்காசித் தொகுதியின் முடிவும் வந்தது. மதுரைக்குத் தெற்கே உள்ள ஒரே தனி மக்களவைத் தொகுதி இது. திராவிட முன்னேற்றக் கழகத்தின் ராணி ஸ்ரீகுமார் வென்றார். தலித் மக்களிடையே இயக்கம் கட்டியவர்களாக அறியப்பட்ட இருவர் அவரை எதிர்த்து நின்று தோற்றனர். புதிய தமிழகத்தின் கிருஷ்ணசாமி இரட்டை இலைச் சின்னத்திலும், தமிழக மக்கள் முன்னேற்றக் கழகத்தின் ஜான் பாண்டியன் தாமரைச் சின்னத்திலும் நின்றார்கள். அவர்களுடைய அணித் தேர்வுகளை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு விவாதம். தென்காசியில் காங்கிரஸ் வென்றிருக்கிறது, அ.தி.மு.க. வென்றிருக்கிறது, இந்தியக் கம்யூனிஸ்டு கட்சி வென்றிருக்கிறது, தி.மு.க. வென்றிருக்கிறது. தலித் இயக்கத்திலிருந்து எழுந்த எந்தக் கட்சியும் இதுவரை வென்றதில்லை. நமக்கென்று ஒதுக்கப்பட்ட இடத்தில் நிற்பதற்கே பிறர் சின்னத்தை வாங்க வேண்டியிருக்கிறது.

ஆட்சியை மாற்றும் வலிமை ஒரு சமூகத்திடம் இருக்கலாம். தன் சார்பில் பேசுகிறவரைத் தேர்ந்தெடுக்கும் வலிமை அதே சமூகத்திடம் இல்லாமலும் போகலாம். இவ்விரண்டும் வெவ்வேறு என்பதைத் தன் பொதுவாழ்வு முழுவதையும் விலையாகக் கொடுத்துக் கற்றுக்கொண்ட ஒருவர் நம் வரலாற்றில் இருக்கிறார். சைதாப்பேட்டையில் அவர் பெயரால் உள்ள கல்லூரி மாணவர் விடுதியில் தங்கிப் படித்த நம் தோழர்கள் பலர். விடுதியின் பெயர்ப்பலகைக்கு அப்பால் அவரைப் பற்றி அறிந்தவர்கள் சிலரே. அறிந்தவர்களும் பெரும்பாலும் ஒரே ஒரு செய்தியையே அறிந்திருக்கிறார்கள்: அம்பேத்கருக்கு எதிராக மூஞ்சேயுடன் ஒப்பந்தம் செய்தவர் என்பது. பெருந்தலைவர் எம்.சி. ராஜாவின் வாழ்வை அந்த ஒரு கையெழுத்துக்குள் அடக்கிவிடுவது நியாயமன்று என்பது நம் கருத்து.

மயிலை சின்னத்தம்பி ராஜா 1883ஆம் ஆண்டு ஜூன் 17 அன்று சென்னைப் பரங்கிமலையில் பிறந்தார். வெஸ்லியன் மிஷன் பள்ளியிலும் பின்னர் சென்னைக் கிறித்தவக் கல்லூரியிலும் பயின்றார். ஆசிரியரானார், பள்ளிப் பாடநூல்கள் எழுதினார். வாக்குரிமை நிலத்தோடும் வரியோடும் கட்டப்பட்டிருந்த காலத்தில், நிலமற்ற ஒரு சமூகத்தின் முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குத் திறந்திருந்த வாசல்களில் ஆசிரியப் பணியே அகலமானது. 1916இல் ஆதிதிராவிட மகாஜன சபையின் செயலாளர் ஆனார். அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனும் முந்தைய தலைமுறையில் அமைத்த தளத்தின்மீது அவர் ஏறி நின்றார் என்பதை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அயோத்திதாசர் 1914இல் மறைந்துவிட்டார். சீனிவாசன் அப்போது தென்னாப்பிரிக்காவில் இருந்தார். வெற்றிடம் பெரிதாக இருந்தது. ராஜாவின் வயதோ முப்பத்து மூன்று.

1919ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம் மாகாணங்களில் தேர்தல் முறையை விரித்தது. சென்னை மாகாண மேலவையில் முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதிகள் கிடைத்தன. இந்தியக் கிறித்தவர்களுக்கும் கிடைத்தன. பொதுத்தொகுதிகளுக்குள் பிராமணரல்லாதாருக்கு 28 இடங்கள் ஒதுக்கப்பட்டன. ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குக் கிடைத்தவை ஐந்து நியமன இடங்கள். தேர்தல் இல்லை; ஆளுநர் பெயர் எழுதுவார். வரி செலுத்துவோருக்கே வாக்கு என்றிருந்ததால் ஆதிதிராவிட வாக்காளர் பட்டியல் என ஒன்றைத் தயாரித்திருந்தாலும் அது சில பக்கங்களில் முடிந்திருக்கும். அப்படி நியமிக்கப்பட்டவர்களில் ஒருவராக 1920இல் ராஜா மேலவைக்குள் நுழைந்தார். நீதிக்கட்சியோடு நின்றார்.

அந்த அவையில் அவர் செய்தவற்றுள் இன்றளவும் நம் சான்றிதழ்களில் பதிந்திருப்பது ஒன்று உண்டு. பறையர், பஞ்சமர் என்னும் சொற்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கி ஆதிதிராவிடர், ஆதிஆந்திரர் என்று வழங்க வேண்டும் என 1922இல் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். வாக்கில்லாத ஒரு மக்களின் நியமன உறுப்பினர் பெயரை மாற்ற முடிந்தது. ஆனால் நிலத்தையோ கூலியையோ தொட முயன்றபோது என்ன நேர்ந்தது என்பதைப் பக்கிங்காம் கர்நாட்டிக் ஆலை காட்டியது.

1921இல் அந்த ஆலையில் வேலைநிறுத்தம் நடந்தபோது ஆதிதிராவிடத் தொழிலாளர்களில் பெரும்பகுதியினர் வேலைக்குத் திரும்பினர். மாதக்கணக்கில் கூலியின்றித் தாங்கும் சேமிப்பு அவர்களிடம் இல்லை என்பது முதற் காரணம். தலைமையின் முடிவுகளில் அவர்களுக்கு இடமில்லை என்பது மற்றொன்று. புளியந்தோப்பில் சாதி மோதல் வெடித்தது. குடிசைகள் எரிந்தன. துப்பாக்கிச் சூடு நடந்தது. நீதிக்கட்சியின் முன்னணித் தலைவர்கள் ஆதிதிராவிடர்மீதும் அவர்களுக்கு அரசு சலுகை காட்டுவதாகச் சொல்லித் தொழிலாளர் துறைமீதும் பழி சுமத்தினர். தம்முடைய கட்சியே தம் மக்களின் எதிர்ப்பக்கத்தில் நிற்பதை ராஜா கண்டார். 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். பிராமணரல்லாதார் என்னும் பெரிய எண்ணிக்கைக்குள் ஆதிதிராவிடரும் எண்ணப்பட்டார்கள். ஆனால் அந்த எண்ணிக்கையின் பெயரால் அதிகாரம் பெற்றவர்கள் ஆதிதிராவிட வாக்கைச் சார்ந்திருக்கவில்லை. சார்ந்திருக்க வாக்கே இல்லை. இந்த எளிய உண்மையை விளக்கப் பின்னாளில் எத்தனையோ கோட்பாடுகள் எழுதப்பட்டுவிட்டன.

1926இல் அகில இந்திய ஒடுக்கப்பட்டோர் சங்கத்தின் தலைவரானார். 1927 முதல் பத்தாண்டுக் காலம் தில்லியின் மத்திய சட்டமன்றத்தில் ஒடுக்கப்பட்டோரின் பிரதிநிதியாக அமர்ந்தார். அதுவும் நியமனமே. இந்தியா முழுவதிலும் உள்ள கோடிக்கணக்கான தீண்டப்படாத மக்களின் சார்பில் அந்தப் பெரிய அவையில் ஓர் இருக்கை. சைமன் குழுவோடு இணைந்து பணியாற்றிய சங்கரன் நாயர் தலைமையிலான இந்திய மத்தியக் குழுவில் 1928-29இல் உறுப்பினராகவும் இருந்தார். அக்காலத்தில் அவரும் தனி வாக்காளர் தொகுதியையே கோரினார். பிற்காலத்து விவாதங்களில் இது வசதியாக மறக்கப்படுகிறது.

1930இல் இலண்டன் வட்டமேசை மாநாட்டுக்கு அழைப்புகள் வந்தபோது ஒடுக்கப்பட்டோரின் சார்பில் அம்பேத்கரும் இரட்டைமலை சீனிவாசனும் அழைக்கப்பட்டனர். ராஜா அழைக்கப்படவில்லை. அந்தப் புறக்கணிப்பு அவரைப் புண்படுத்தியிருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. அம்மாநாட்டில் தீண்டப்படாதாரின் கோரிக்கை சிறுபான்மையினர் குழுவில்தான் விவாதிக்கப்பட்டது. இந்து சமூகத்தின் ஒரு பகுதியாக அல்லாமல் முஸ்லிம்கள், இந்தியக் கிறித்தவர்கள், ஆங்கிலோ இந்தியர்கள் ஆகியோரைப் போல அரசியல் பாதுகாப்பு வேண்டும் தனிச் சிறுபான்மையாக அம்பேத்கர் அவர்களை நிறுத்தினார். 1931 நவம்பரில் இந்தச் சிறுபான்மைத் தரப்புகள் கூட்டாக ஓர் ஒப்பந்தத்தையும் முன்வைத்தன. கிறித்தவர் சார்பில் அதில் ஒப்பமிட்டவர் தஞ்சையைச் சேர்ந்த ஏ.டி. பன்னீர்செல்வம். சீக்கியர் தவிர்த்த சிறுபான்மையினர் ஒரே வரிசையில் நின்ற அரிய தருணம் அது. காந்தி அதைக் கடுமையாக எதிர்த்தார்.

இந்த இடத்தில்தான் ராஜா திரும்பினார். 1932இன் தொடக்க மாதங்களில் இந்து மகாசபைத் தலைவர் பி.எஸ். மூஞ்சேயுடன் உடன்பாடு செய்துகொண்டார். மக்கள்தொகைக்கேற்ற இடஒதுக்கீடு, ஆனால் கூட்டு வாக்காளர் தொகுதி. அதாவது வேட்பாளர் தீண்டப்படாதவராக இருப்பார். வாக்களிப்போர் எல்லாச் சாதியினராகவும் இருப்பர்.

ஏன் திரும்பினார்? இழந்த தலைமையை மீட்கும் ஆசை என்று சொல்பவர்கள் உண்டு. நாம் அதை முழு விடையாகக் கொள்ளவில்லை. ஐந்தாண்டுகள் தில்லி அவையில் தனியாக அமர்ந்திருந்தவர் அவர். ஓர் உறுப்பினரின் குரலை நூற்றுக்கு மேற்பட்டோர் அமைதியாகக் கேட்டுவிட்டு எதிராக வாக்களித்துக் கலைவதை நாள்தோறும் கண்டவர். தனித்தொகுதியில் நம்மவர் நம் வாக்கால் வருவார். ஆனால் மற்ற உறுப்பினர்கள் எவரும் நம் வாசலுக்கு வரத் தேவையிராது என்னும் அச்சம் அத்தகைய ஒருவருக்கு எழுவது இயல்பே. சாதி இந்துக்களும் நம் வாக்கை எதிர்பார்த்து நிற்கும் நிலையை உண்டாக்கினால் அவர்கள் மாறுவார்கள் என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். இது நம் ஊகமே. எனினும் அவருடைய பிந்தைய நடவடிக்கைகள் இந்த ஊகத்தோடு பொருந்துகின்றன.

அவருடைய அச்சத்துக்கான விடை அதே ஆண்டு ஆகஸ்டில் வந்தது. அதை அவர் அடையாளம் காணவில்லை என்பதே அவர் வாழ்வின் பெரிய துயரம்.

பிரிட்டிஷ் பிரதமர் ராம்சே மெக்டொனால்டு அறிவித்த வகுப்புவாரித் தீர்ப்பைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள்கூடத் தனித்தொகுதி என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறார்கள். சட்டம் பயிலும் மாணவர்கள் அதன் விதியைச் சற்று நிதானமாகப் படிக்க வேண்டும். முஸ்லிம்களுக்கும் பிறருக்கும் தரப்பட்டது தனி வாக்காளர் தொகுதி மட்டுமே. முஸ்லிம் வாக்காளர் முஸ்லிம் தொகுதியில் மட்டும் வாக்களிப்பார். ஒடுக்கப்பட்ட சாதிகளுக்குத் தரப்பட்டது வேறு. அவர்களுக்கெனச் சிறப்புத் தொகுதிகள் உண்டு; அங்கே அவர்கள் மட்டும் வாக்களித்துத் தம் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பார்கள். அதற்கு மேல், பொதுத்தொகுதியிலும் மற்றவர்களோடு சேர்ந்து வாக்களிப்பார்கள். ஒருவருக்கு இரண்டு வாக்குகள். இருபது ஆண்டுகளுக்கு.

முதல் வாக்கு நமக்காகப் பேசுகிறவரைத் தேர்ந்தெடுக்கும். இரண்டாவது வாக்கு பொதுத்தொகுதியில் நிற்கும் சாதி இந்து வேட்பாளரை நம் தெருவுக்கு அழைத்துவரும். ஐந்தில் ஒரு பங்கு வாக்காளர்களை வைத்திருக்கும் சமூகத்தைப் பகைத்துக்கொண்டு எந்தப் பொது வேட்பாளரும் எளிதில் வென்றுவிட முடியாது. ராஜா அஞ்சிய தனிமைக்கு அந்த இரண்டாவது வாக்கே மருந்து. அம்பேத்கர் பிற்காலத்தில் பூனா ஒப்பந்தத்தைத் திரும்பிப் பார்த்தபோது இடங்களின் எண்ணிக்கையைவிட இந்த இரண்டாவது வாக்கின் இழப்பையே பேரிழப்பாகக் கருதினார்.

செப்டம்பர் 20 அன்று ஏரவாடா சிறையில் காந்தி உண்ணாவிரதம் தொடங்கினார். 24 அன்று ஒப்பந்தம் கையெழுத்தானது. அம்பேத்கரும் சீனிவாசனும் ராஜாவும் ஒரே தாளில் ஒப்பமிட்டார்கள். ராஜாஜியும் மாளவியாவும் எதிர்த்தரப்பில் ஒப்பமிட்டார்கள். இடங்கள் 71இலிருந்து 148 ஆயின. சென்னை மாகாணத்துக்கு 18க்குப் பதில் 30 கிடைத்தன. இரண்டாவது வாக்கு போயிற்று. அதற்கு ஈடாக ஒரு முதற்கட்டத் தேர்தல் வைக்கப்பட்டது: ஒடுக்கப்பட்ட வாக்காளர்கள் மட்டும் கூடி நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள், அந்த நால்வரில் ஒருவரை எல்லாச் சாதியினரும் சேர்ந்து தேர்வு செய்வார்கள். நான்காவதாக வந்தவரும் இறுதியில் வெல்லலாம். அம்முறையும் பத்தாண்டுகளுக்கு மட்டுமே. கணக்கில் கூடுதலாகத் தெரிந்தது கையில் குறைவாகவே இருந்தது.

அதன் பிறகு காந்தியையும் ராஜாஜியையும் ராஜா நம்பினார். நம்பியவருக்கு இரண்டு தேர்தல்கள் இரண்டு பாடங்களைக் கற்பித்தன.

முதலாவது 1934. கோயில் நுழைவுக்கு வழி செய்யும் மசோதாவை சி.எஸ். ரங்க ஐயர் மத்திய சட்டமன்றத்தில் கொண்டுவந்திருந்தார். ராஜா அதற்குத் துணைநின்றார். உண்ணாவிரதத்தின் சூடு ஆறாத நாட்களில் காங்கிரஸ் தலைவர்கள் மசோதாவுக்காக ஊர் ஊராகப் பேசினார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மத்திய சட்டமன்றத்துக்குத் தேர்தல் என்பது உறுதியானதும் நிலைமை மாறியது. வாக்குரிமை பெற்றிருந்தவர்கள் சொத்துடைய சாதி இந்துக்கள். அவர்களைச் சங்கடப்படுத்தும் மசோதாவைத் தேர்தல் நேரத்தில் தூக்கிச் சுமக்க எவரும் முன்வரவில்லை. ஆதரவு விலக்கப்பட்டது. ஆகஸ்டில் ரங்க ஐயர் மனம் வெதும்பி மசோதாவைக் கைவிட்டார். கோயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள் வாக்குச்சாவடிக்கும் வெளியே நின்றார்கள். ஆகவே அவர்களுடைய மசோதாவும் வெளியே நின்றது.

இரண்டாவது 1937. 1935ஆம் ஆண்டுச் சட்டம் வாக்குரிமையை நாடெங்கும் ஏறத்தாழ மூன்று கோடிப் பேருக்கு விரித்தது. பட்டியல் சாதியினரில் முன்பைவிடக் கணிசமானோர் முதன்முறையாக வாக்காளர் ஆனார்கள். சென்னை மாகாணத்தின் 30 தனி இடங்களில் 26ஐக் காங்கிரஸ் வென்றது. காங்கிரஸ் அல்லாத சிலருள் ஒருவராக ராஜாவும் வென்றார். வாழ்நாளில் முதன்முறையாக நியமனத்தால் அன்றி வாக்கால் சட்டமன்றம் புகுந்தார். வயது ஐம்பத்து நான்கை நெருங்கியிருந்தது. காங்கிரஸ் பதவியேற்கத் தயங்கிய மூன்றரை மாதங்கள் கூர்மா வெங்கட ரெட்டி நாயுடுவின் இடைக்கால அமைச்சரவையில் வளர்ச்சித் துறை அமைச்சராக இருந்தார். ஜூலையில் ராஜாஜி முதல்வரானார்.

1938இல் ராஜா இரண்டு மசோதாக்களைக் கொண்டுவந்தார். ஒன்று சமூக இயலாமைகள் ஒழிப்பு மசோதா. பொதுச் சாலை, கிணறு, அரசுப் பணி போன்றவற்றில் தீண்டாமை வழக்கத்தை எந்த நீதிமன்றமும் ஏற்கக் கூடாது என்றது அது. அரசின் ஆதரவோடு சட்டமாயிற்று. அரசியலமைப்பின் 17ஆம் கூறுக்கும், 1955ஆம் ஆண்டுத் தீண்டாமைக் குற்றச் சட்டத்துக்கும், இன்று நாம் நீதிமன்றங்களில் கையாளும் 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கும் இந்த மண்ணில் எழுந்த முன்னோடிகளுள் அது ஒன்று. சட்டக் கல்லூரி வகுப்புகளில் அதன் பெயரை நாம் கேட்டதில்லை.

மற்றொன்று கோயில் நுழைவு மசோதா. மாகாணம் முழுவதற்குமானது. ராஜாஜியின் இசைவு தமக்கு இருப்பதாக நம்பியே ராஜா அதை அவைக்குக் கொண்டுவந்தார். ஆகஸ்டில் மசோதா விவாதத்துக்கு வந்தபோது முதல்வர் எழுந்து அதை எதிர்த்தார். மலபாருக்கு மட்டும் தனிச் சட்டம் கொண்டுவரப் போவதாகவும், மக்கள் கருத்து பக்குவப்படும்வரை பிற பகுதிகள் காத்திருக்க வேண்டும் என்றும் காரணம் சொல்லப்பட்டது. மசோதா பெரும் வாக்கு வேறுபாட்டில் வீழ்ந்தது.

அவையில் பட்டியல் சாதிக் காங்கிரஸ் உறுப்பினர்கள் 26 பேர் இருந்தார்கள். மசோதா அவர்களுடைய தாய் தந்தையர் கோயில் வாசலைத் தாண்டலாமா என்பதைப் பற்றியது. அவர்கள் கட்சிக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்கள். அவர்களைக் குறைசொல்வது எளிது. நாம் அதைச் செய்யவில்லை. அவர்களுடைய தொகுதிகளில் வாக்களித்தவர்களில் பெரும்பான்மையோர் சாதி இந்துக்கள். வேட்பாளராக்கியது கட்சி. மீண்டும் வேட்பாளராக்க வேண்டியதும் கட்சி. தம் மக்களுக்கு ஆதரவாக ஒரு முறை கையுயர்த்தினால் அடுத்த முறை அவையில் இருக்க முடியாது என்பதை அந்தத் தேர்தல் முறையே அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. பூனாவில் கைமாறியது என்ன என்பது அன்று அவையில் வெளிப்பட்டது. அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பூனாவில் கையெழுத்திட்ட இருவர் இருந்தனர்: ஒருவர் மசோதாவைக் கொண்டுவந்தவர், மற்றவர் அதைத் தோற்கடித்தவர்.

ராஜா காந்திக்கு எழுதி முறையிட்டார். ராஜாஜியை நம்பும்படியே காந்தி அறிவுரை சொன்னார்.

1939இல் மதுரை மீனாட்சி கோயில் திறக்கப்பட்டதையும், அதைத் திறந்த அறங்காவலர்களைக் காக்க ராஜாஜி அரசு சட்டம் செய்ததையும் இதற்கு மறுப்பாகச் சொல்வார்கள். அந்த நிகழ்வின் சிறப்பை நாம் குறைக்கவில்லை. ஆனால் அந்தச் சட்டம் கோயிலுக்குள் நுழைவதை உரிமையாக ஆக்கவில்லை. திறக்க விரும்புவோருக்குப் பாதுகாப்பு அளித்தது. மாகாணம் முழுவதற்கும் உரிமையாக அது சட்டமானது 1947இல், ராஜா மறைந்து நான்கு ஆண்டுகளுக்குப் பின். ஒன்பது ஆண்டுத் தாமதத்தைச் சிறிதென்று நினைப்பவர்கள் சங்கரன்கோவில் வட்டாரத்துக்கு வந்து பார்க்கலாம். 1938க்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னும் பந்தப்புளியில் தலித் மக்கள் மாரியம்மன் கோயிலுக்குள் செல்வதற்கு நீதிமன்றத்தின் துணையும் காவல் துறையின் பாதுகாப்பும் வேண்டியிருந்தன. 2022இல் பாஞ்சாகுளத்தில் பள்ளிக் குழந்தைகளுக்குத் தின்பண்டம் விற்க மறுத்த காணொளியை நாடே பார்த்தது. இந்த ஊர்களின் சட்டமன்ற உறுப்பினரும் மக்களவை உறுப்பினரும் தனித்தொகுதிகளிலிருந்து வருபவர்கள். ஆனால் ஊர்க்கட்டுப்பாடு விதிப்பவர்களின் வாக்கும் அதே பெட்டியில் விழுகிறது. கட்டுப்பாட்டுக்கு உள்ளானவர்களின் வாக்கைவிட அது பெரும்பாலும் எண்ணிக்கையில் அதிகம். புகார் மனுவை எடுத்துக்கொண்டு நாம் அலையும் நாட்களில் தொகுதிப் பிரதிநிதிகள் காக்கும் மௌனத்துக்கு, அவர் எந்தக் கட்சியினராயினும், அவர்களுடைய மனச்சான்று மட்டும் காரணமன்று.

ராஜா மனம் மாறியதை வெளிப்படையாகவே காட்டினார். கூட்டுத் தொகுதி முறைக்காக வாதாடியவர் அதன் விளைவைக் கண்டபின் அம்பேத்கரின் பக்கம் வந்து சேர்ந்தார். பொதுவாழ்வில் இருப்போருக்கு இது எளிதன்று. அதுவும் பத்தாண்டு காலம் எதிரெதிராக மேடையேறிய பிறகு. 1942 மார்ச்சு இறுதியில் ஸ்டாஃபோர்டு கிரிப்ஸ் தில்லி வந்தபோது அம்பேத்கரும் ராஜாவும் சேர்ந்தே அவரைச் சந்தித்தார்கள். ஏப்ரல் 1 அன்று கூட்டாகக் கடிதம் அளித்தார்கள். போருக்குப் பின் அமையவிருந்த அரசியல் நிர்ணய அவையை மாகாணச் சட்டமன்றங்களின் உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள் என்பது கிரிப்ஸின் திட்டம். அந்த உறுப்பினர்கள் எப்படித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் என்பதை ராஜாவைவிட நன்கு அறிந்தவர் எவர்? தம் மக்கள் பெரும்பான்மையோரின் கையில் ஒப்படைக்கப்படுவார்கள் என்று இருவரும் அத்திட்டத்தை நிராகரித்தார்கள். அவ்வாண்டு ஜூலையில் நாகபுரியில் அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு பிறந்தது. அதன் தலைவராகச் சென்னையைச் சேர்ந்த வழக்கறிஞர் என். சிவராஜ் தேர்ந்தெடுக்கப்பட்டார். தெற்கில் ராஜாவின் தலைமுறை விட்ட இடத்திலிருந்து சிவராஜின் தலைமுறை தொடங்கியது.

1943 ஆகஸ்டில் ராஜா மறைந்தார். அறுபது வயது.

1946 தேர்தலில் என்ன நடந்தது என்பதை அவர் காணவில்லை. போட்டியிட்டோர் நால்வருக்கு மேற்பட்டிருந்த இடங்களில் மட்டும் முதற்கட்டத் தேர்தல் நடந்தது. அங்கே பட்டியல் சாதி வாக்காளர்கள் மட்டும் வாக்களித்தபோது முன்னிலை பெற்ற கூட்டமைப்பு வேட்பாளர்கள் பலர், எல்லாச் சாதியினரும் வாக்களித்த இறுதித் தேர்தலில் தோற்றுப்போனார்கள். ஒரே வேட்பாளர், ஒரே தொகுதி, சில வார இடைவெளியில் இரண்டு முடிவுகள். யாருடைய வாக்கு யாருடைய பிரதிநிதியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சோதனையை எந்த ஆய்வாளரும் வடிவமைத்திருக்க முடியாது. அந்த முடிவுகளை வைத்துத்தான் கூட்டமைப்புக்குப் பேசும் உரிமை இல்லையென்று பிரிட்டிஷ் அமைச்சரவைத் தூதுக்குழு முடிவு கட்டியது.

1947 ஆகஸ்டு இறுதியில் அரசியல் நிர்ணய அவையில் சிறுபான்மையினர் பாதுகாப்பு பற்றிய விவாதம் நடந்தது. முஸ்லிம்களுக்குத் தனி வாக்காளர் தொகுதி தொடர வேண்டும் என்று சென்னை மாகாணத்தின் போக்கர் சாகிபு கொண்டுவந்த திருத்தம் தோற்கடிக்கப்பட்டது. அதே விவாதத்தில் சென்னை மாகாணத்தின் மற்றோர் உறுப்பினர், காங்கிரஸ்காரரான எஸ். நாகப்பா, ஒரு திருத்தத்தை முன்மொழிந்தார். தனித்தொகுதியில் வெல்பவர் தம் சமூகத்தின் வாக்குகளில் குறைந்தது 35 விழுக்காட்டைப் பெற்றிருக்க வேண்டும் என்பது அது. தனி வாக்காளர் தொகுதியும் அன்று, இரட்டை வாக்கும் அன்று. ஒரு குறைந்தபட்ச நிபந்தனை. 1938இல் ராஜாவின் மசோதா வீழ்ந்த அவைக்கு அவ்விதி பொருந்தியிருந்தால் அந்த 26 பேர் யாரை அஞ்சியிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கலாம். அவையில் எதிர்ப்பு வலுத்தது. வல்லபாய் படேல் அதை ஏற்கவில்லை. நாகப்பா திருத்தத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்.

தனித்தொகுதிகள் பிறரின் வாக்கால் தீர்மானிக்கப்படும் முறையே அரசியலமைப்புக்குள் நுழைந்தது. அந்த முறையில் நடந்த முதல் பொதுத்தேர்தலில், 1952இல், வடக்கு பம்பாய் மக்களவைத் தொகுதியின் பட்டியல் சாதி இடத்துக்கு அந்த அரசியலமைப்பின் வரைவுக்குழுத் தலைவர் போட்டியிட்டார். காங்கிரஸ் வேட்பாளர் நாராயண் கஜ்ரோல்கரிடம் அவர் தோற்றார்.